விசில் ஊதினா வரணும்

ஏனுங்க தம்பி, அந்தச் சன்னலோரத்தை எனக்குக் குடுத்துட்டு இக்கட்டால நகந்துக்கறீங்களா? மலை ஏறுறப்ப எனக்குக் காத்து வேணும். வாந்தி கீந்தி எல்லாம் இல்லீங்க, அந்தப் பழக்கமே நமக்குக் கெடையாது. ம், இப்பச் சரி.

அதென்ன, ஏறினதுல இருந்து போனையே பாத்துட்டு வர்றீங்க? மேப்பா? நல்லா இருக்குது போங்க. வண்டி ஓட்டறது டிரைவரு. இருக்கறது ஒரே ரோடு. மேட்டுப்பாளையத்துல ஏறினா கோத்தகிரியில கொண்டு போய் எறக்கி விடப்போறான். இதுக்கு எதுக்குங்க மேப்பு? அதுல ஒரு நீலப் புள்ளி வேற நகருது. நீங்க எங்க இருக்கீங்கன்னு அது வந்து உங்களுக்குச் சொல்லணுமாக்கும்! கோவிச்சுக்காதீங்க. எனக்கு மேப்புன்னாலே பத்திக்கிட்டு வரும். அதுக்குக் காரணம் இருக்குது. நான் கரிசோலைப் பிரிவுல எறங்கணும், அதுக்கு நேரம் கெடக்குது. சொல்றன், கேளுங்க.

எம் பேரு சென்னியப்பன். ஊரு கோபிச்செட்டிபாளையம். பி.டி. மாஸ்டர் சென்னியப்பன்னு கேட்டா அங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப ரிட்டையர்டு. ஆனா போன வருசம் நம்ம நாட்டு டீமுக்கு மேனேஜரு. ஆமாங்க, இந்தியா டீமு. முதுகுல இந்தியான்னு போட்ட நீலக் கோட்டு வீட்டுல தொங்குது. கிரிக்கெட்டான்னு பாக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. கிரிக்கெட் இல்லீங்க, ஓரியண்டியரிங்னு ஒண்ணு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. படாம இருக்கறதே நல்லது.

என்ன வெளையாட்டுங்கறீங்களா? சொன்னாச் சிரிப்பீங்க. ஆளைக் கொண்டு போய் ஒரு காட்டோரத்துல நிறுத்தி, கையில ஒரு மேப்பையும் காம்பஸையும் குடுத்து, ஓடுன்னு விட்டுருவாங்க. காட்டுக்குள்ள அங்கங்க காவியும் வெள்ளையுமா சின்னதாத் துணிப்பெட்டி தொங்கும். மேப்புல போட்டிருக்கற வரிசைப்படி ஒண்ணொண்ணாத் தேடிப் போகணும். வெரல்ல ஒரு சிப்பு மாட்டி விட்டிருப்பாங்க, அதைப் பெட்டிக்குப் பெட்டி ஒருக்காக் குத்திட்டு அடுத்ததுக்கு ஓடணும். யாரு எல்லாத்தையும் முடிச்சுட்டு மொதல்ல வெளிய வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. பந்து இல்ல, கோலு இல்ல. ஓடறவங்க எல்லாம் காட்டுக்குள்ள போயிருவாங்க, நாம வெளிய உக்காந்து மரத்தைப் பாத்துட்டு இருக்கணும். கபடி கோர்ட்டுல தொண்டை கிழியக் கத்துன ஆளுங்க நானு. இதைப் பாத்ததும், ஆடு தொலைச்சவன் பாக்கற வேலைக்கு மெடல் குடுக்கறானுங்களேன்னு நெனச்சேன்.

அப்பறம் எதுக்கு மேனேஜரா போனேன்னு கேப்பீங்க. நம்ம ஸ்டேட் சங்கத்துல முந்தி இருந்த செயலாளரு செத்துட்டாரு. அடுத்த ஆளு நானு. மேனேஜரை ஒவ்வொரு வருசமும் ஒரு ஸ்டேட்ல இருந்து அனுப்பறது வழக்கம், போன வருசம் நம்ம முறை. வேண்டாம்னா சொல்ல முடியும்? ஐரோப்பாவுல ஒரு குளிர் நாடு. பேரைச் சொன்னா உங்களுக்கும் புரியாது, எனக்கும் நாக்குல நிக்காது. காலையிலயும் ரொட்டி, மத்தியானமும் ரொட்டி. அதுவும் செங்கல்லு மாதிரி. அதைச் சாப்புட்டுட்டு அவனுக மான் மாதிரி ஓடறானுங்க, என்ன கெரகமோ.

மேப்புப் பாக்க எனக்குத் தெரியுமான்னு கேக்காதீங்க. தெரிஞ்சுக்கற அவசியம் வந்ததில்ல. என்னை எங்க கொண்டு போய் விட்டாலும் தெக்கு வடக்குத் தெரியும். பொறந்ததுல இருந்து ஒருத்தன்கிட்ட வழி கேட்டவன் இல்லீங்க நானு. மேப்பு சொல்லிக் குடுக்கறதுக்குன்னு ஒரு கோச்சு இருந்தான். நேகின்னு, ராணுவத்துல சுபேதாரு, வடக்கத்தி ஆளு. கோடு பாரு, பள்ளம் பாரு, மேடு பாருன்னு நாள் முச்சூடும் புள்ளைகளைத் தரையில உக்கார வெச்சு காயிதத்தைக் காட்டிட்டு இருப்பான். வெளையாட்டுக்காரங்களை உக்கார வெக்கலாமுங்களா?

அதனால கெளம்பறதுக்கு முன்னால இங்க நடந்த கேம்புல ஒழுக்கத்தை நான் எடுத்துக்கிட்டேன். இந்தா பாருங்க, இந்த விசிலு. பித்தளை. வேலைக்குச் சேந்த அன்னைக்குக் கழுத்துல போட்டது. ஒரு தடவை ஊதினா நில்லு. ரெண்டு தடவை ஊதினா ஓடு. நிறுத்தாம ஊதினா, எங்க இருந்தாலும், என்ன பண்ணிட்டு இருந்தாலும், அப்படியே போட்டுட்டு எங்கிட்ட ஓடி வரணும். நம்ம கண்டக்டரையே பாருங்க. ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்குது, ரெண்டு அடிச்சாக் கெளம்புது. டிரைவரு ஏன்னு கேக்கறானா? கேக்க மாட்டான். அதுக்குப் பேருதானுங்க ஒழுக்கம்.

அதுக்கும் அந்த நேகி வந்து எனக்குப் பாடம் எடுக்கறான். "மாஸ்டர்ஜி, இந்த வெளையாட்டுல விசில் ஆபத்துக்குத்தான். ஓடற ஒவ்வொருத்தரும் பையில ஒரு விசில் வெச்சிருப்பாங்க. அடிபட்டா ஊதுவாங்க. அந்தச் சத்தம் காதுல விழுந்தா, மெடலே போனாலும் ஓட்டத்தை விட்டுட்டுப் போய்ப் பாக்கணும். அது சட்டம். அங்க வந்து நீங்க சும்மா ஊதிறாதீங்க"ன்னு. எனக்கு! விசிலைப் பத்தி!

சரி, நான் எதுக்கு மலை ஏறுறேன்னு சொல்லலியே. ஒரு புள்ளையை மன்னிக்கறதுக்குப் போறனுங்க. யோகராணின்னு பேரு. கரிசோலைத் தேயிலை எஸ்டேட்டுல கூலிக்காரங்க லைன் வீட்டுல பொறந்தவ. அவங்க தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து வந்தவங்க. கோத்தகிரியில ஒரு தனியார் பள்ளிக்கோடத்துல பி.டி. டீச்சரு, அதுவும் தற்காலிகந்தான். பாத்தா டீச்சருன்னு சொல்ல மாட்டீங்க, குச்சி மாதிரி இருப்பா. பேசினா பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காது. என்னை மாதிரி ஒரு சத்தம் போட்டா கிரவுண்டே நிக்கணும், அந்தத் தொண்டை இல்ல. ஆனா டீமுல நாலு பொம்பளைப் புள்ளைகள்ல இவதான் உசத்தின்னு நேகி தலையில தூக்கி வெச்சுட்டு ஆடினான். மேப்பை ஒரு தடவை பாத்தா இவளுக்குக் காடே கண்ணுக்குள்ள வந்துருதாம். எனக்கென்னமோ மூஞ்சியைப் பாத்தாலே தூங்கற மாதிரி இருக்கும்.

கேம்புல ஒரு நாள் நிறுத்தாம ஊதறேன், மத்தவங்க எல்லாம் வந்து வரிசையில நிக்கறாங்க, இவளை மட்டும் காணோம். சாவகாசமா வர்றா. "கடைசிப் பெட்டிகிட்ட இருந்தேன் சார், குத்திட்டு வந்தேன்." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பெட்டி பெருசா, மாஸ்டர் பெருசா? வெயில்ல கிரவுண்டைச் சுத்த விட்டுட்டேன். நேகி வந்து தடுத்தும் விடல. அழுதா. அழட்டுமுங்க, அப்பத்தான் மண்டையில ஏறும். அதுக்கப்பறம் பாக்கணுமே, என் விசில் சத்தம் கேட்டுச்சுன்னா கையில சோத்துத் தட்டு இருந்தாலும் கீழ வெச்சுட்டு மொத ஆளா வந்து நிப்பா. அந்த அளவுக்குப் பழக்கினது யாருங்க? நாந்தான். ஒருத்தன் சொல்ல மாட்டான்.

இப்ப அந்தப் போட்டிக்கு வர்றேன். மொத நாளு மேனேஜருங்களுக்கு மீட்டிங். ஒரு வெள்ளக்காரம்மா, வெள்ளை முடி, செவப்புச் சட்டை, அவங்கதான் போட்டிக்கு நடுவரு. பேசுது பேசுது பேசிட்டே இருக்குது. ஓடறவங்களைத் தவிர டீம் ஆளுங்க யாரும் காட்டுக்குள்ள கால் வெக்கப்படாது, வெச்சா அந்த நாடு மொத்தமும் போட்டியை விட்டு வெளியன்னு. இதை ரெண்டு தடவை சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு. காட்டைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டிட்டா காடு இவங்க அப்பன் ஊட்டுச் சொத்தாயிருமா?

அடுத்த நாள் தகுதி ஓட்டம். அதுல மொத பதினஞ்சு பேரு ஃபைனலுக்குப் போவாங்க. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ரிலே, அதுல டீமு முழுக்க ஓடணும். ஃபைனல்னா யோகராணிக்கு உசுரு. காட்டு இலாகாவுல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு மனுப் போட்டிருந்தா. உலகப் போட்டி ஃபைனல்ல ஓடுன ஆளுன்னா நிரந்தரமா எடுத்துக்கறோம்னு வாய் வார்த்தையா சொல்லியிருந்தாங்களாம். பஸ்ல, பிளேன்ல, சாப்புடறப்ப எல்லாம் அந்தப் புள்ள வெரலை மடக்கி என்னமோ கணக்குப் போட்டுட்டே வந்தா. "மாஸ்டர் நான் இருக்கேன், என்னத்துக்கு நீ பயப்படறே"ன்னேன். சிரிச்சா.

ஓடப் போயிட்டா. நாங்க வெளிய உக்காந்திருக்கோம். பெரிய திரை ஒண்ணு வெச்சிருக்காங்க. பாதி தூரத்துல ஒரு பெட்டியை யாரு எத்தனாவதாக் குத்துனாங்கன்னு அதுல பேரு வரும். நான் டீயைக் குடிச்சுட்டு, டீயா அது, சுடுதண்ணி, குடிச்சுட்டு நிமிந்து பாக்கறேன். ஒம்போதாவது பேரு யோகராணி. பக்கத்துல நம்ம கொடி. மைக்குல ஒருத்தன் இந்தியா, இந்தியான்னு கத்தறான். நேகி எந்திரிச்சு நிக்கறான். பொய் சொல்லப்படாது தம்பி, எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த நிமிசம் எம் மக ஓடுற மாதிரிதான் இருந்துச்சு.

ஆனா நமக்கு அனுபவம் இருக்குதல்ல? நம்மாளுக பாதி வரைக்கும் நல்லாத்தான் போவாங்க, பின்பாதியிலதான் கோட்டை விடுவாங்க. பக்கத்துல ஒரு ஆளு நின்னு ரெண்டு சத்தம் போட்டாத்தான் கால் எந்திரிக்கும். கபடியில அப்படித்தானுங்க ஜெயிக்க வெச்சிருக்கேன். கக்கூசு வண்டிக்குப் பின்னால அந்த நாடா தொங்கலாக் கெடந்துச்சு. குனிஞ்சு உள்ள போயிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க. யாரு போகப்படாது? வேடிக்கை பாக்கறவன் போகப்படாது. நான் மேனேஜரு.

காடு எப்படி இருந்துச்சுங்கறீங்க? அதெல்லாம் ஒரு காடா? எல்லா மரமும் ஒண்ணு போல. தரை பூராவும் பஞ்சு மாதிரி பச்சைப் பாசி, காலை வெச்சாச் சத்தமே வராது. அந்தப் பக்கம் சித்தே நடந்தேன், இந்தப் பக்கம் சித்தே நடந்தேன். மைக் சத்தம் நின்னு போச்சு. சூரியனும் இல்ல, மேகம் மூடிட்டு நிக்குது. வழி தவறினேன்னு நெனச்சுக்காதீங்க, அதுதான் இல்ல. வழி எனக்குத் தெரியும். மரந்தான் அடிக்கடி மாறிட்டு இருந்துச்சு.

அப்பறம் பாசின்னு நெனச்சுக் காலை வெச்சேன், அது சேறு. ஒரு காலு முழங்கால் வரைக்கும் போயிருச்சு. இன்னொரு காலை வெச்சு எந்திரிக்கலாம்னு பாத்தா அதுவும் போச்சு. இழுக்க இழுக்க உள்ள போகுது. ஐஸ் தண்ணி. ஒரு ஷூ அங்கயே தங்கிருச்சு, புது ஷூ. என் வயசுல இருக்கற வேற ஆளா இருந்தா அழுதிருப்பான். நான் விசிலை எடுத்தேன். அந்தப் புள்ள அக்கம்பக்கத்துல ஓடிட்டு இருந்தா, மேனேஜரு பக்கத்துலதான் இருக்காருன்னு தெரிஞ்சா ஒரு தெம்பு வருமேன்னுதான் ஊதினேன். உற்சாகப்படுத்தறதுக்கு. தெம்பு நல்லா வரட்டும்னு நிறுத்தாம ஊதினேன்.

மொதல்ல ஒரு வெள்ளக்காரப் புள்ள வந்துச்சு. மஞ்ச முடி. ஓட்டத்தை நிறுத்திட்டு, என்னைப் பாத்து என்னமோ கேட்டுச்சு. ஓகேவா, ஓகேவான்னு. முழங்கால் சேத்துல நின்னுட்டு ஒரு சின்னப் புள்ளைகிட்ட, அதுவும் வேத்து நாட்டுக்காரிகிட்ட, கையை நீட்டச் சொல்றீங்களா? இந்தியா கோட்டு வேற போட்டிருக்கேன். "ஓகே ஓகே, கோ கோ"ன்னு கையை வீசி அனுப்பிட்டேன். ரெண்டு மூணு தடவை திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான் போச்சு. போனதும் மறுபடி ஊதினேன்.

அப்ப வந்தாங்க நம்மாளு. புதரைப் பொளந்துட்டு, மூச்சு வாங்க, மூஞ்சியெல்லாம் கீறலோட. வந்ததும் மொதக் கேள்வி, "சார், அடிகிடி பட்டிருச்சா?"

"நீ எதுக்குடி இங்க வந்தே?"ன்னு கேட்டேன்.

"நீங்கதான கூப்பிட்டீங்க சார்."

"கூப்பிட்டனா? ஓடறதுக்கு ஊதினேன்!"

கையில இருந்த மேப்பைப் பாத்தா. என்னைப் பாத்தா. மறுபடியும் மேப்பைப் பாத்தா. அப்பறம் அதை மடிச்சு வாயில கவ்விக்கிட்டு, ஒரு மரக்கட்டையைச் சேத்துல போட்டு, அது மேல குப்புறப் படுத்து என் ரெண்டு கையையும் புடிச்சு இழுத்தா. அந்தக் குச்சி ஒடம்புல எங்க இருந்து அவ்வளவு பலம் வந்துச்சோ தெரியல. வெளிய வந்ததும் எனக்குப் பல்லு கிட்டிக்கிச்சு, குளிருதானுங்க. சேறு படாத ஒரு சின்னத் துணி தலையில கட்டியிருந்தா, அதை அவுத்து என் காலுல சுத்தி விட்டா.

"நேராப் போனா ரோடு சார். இப்படி, எங் கை காட்டற பக்கம். போயிருவீங்களா?"

"எனக்கா சொல்றே?"ன்னு கெளம்பினேன். பத்தடி போயிருப்பேன், "சார், அந்தப் பக்கம் இல்ல"ங்கறா. சரின்னு திரும்பி வேற பக்கம் போனேன். அப்பறம் ஓடி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா. ரோடு வர்ற வரைக்கும் விடலியே. காட்டுக்குள்ள தனியா ஓடிப் பயந்துட்டா போல, பாவம். நானும் புடிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். போற வழியில ஒரு தடவை வெளிய மைக் சத்தம் கேட்டுச்சு. அவ நின்னா. கண்ணை மூடிட்டு ஒரு நிமிசம் நின்னுட்டு, "வாங்க சார்"ன்னா.

ரோட்டுல கொண்டாந்து விட்டுட்டு என்ன சொன்னாத் தெரியுமா? "சார், அப்படியே சுத்திக் கார் நிறுத்தற பக்கமா வாங்க. யாரு கேட்டாலும் காட்டுக்குள்ள வந்தேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. நாளான்னைக்கு ரிலே இருக்கு. மத்தப் புள்ளைங்களும் ஓடணும்." பாருங்க, எனக்கு உத்தரவு போடறா! சொல்லிட்டு மறுபடியும் காட்டுக்குள்ள ஓடிட்டா. ஓடறப்பத் தலைமுடியெல்லாம் அவுந்து மூஞ்சியில விழுது, துணி என் காலுல இருக்குதே.

முடிச்சுட்டு வெளிய வந்தா. பதினெட்டாவது. மூணு இடத்துல போச்சு ஃபைனலு.

ஒம்போதாவதா இருந்தவ! எல்லாரும் பாக்கறாங்கன்னுகூடப் பாக்காம, "உனக்கெல்லாம் எதுக்குடி இந்தியா பனியன்"னு கத்திட்டேன். நேகி என்னைப் பாக்கறான், அவளைப் பாக்கறான். அந்த நேரத்துல அந்தச் செவப்புச் சட்டை நடுவரம்மா வந்துச்சு. ஓடறவங்க முதுகுல ஒரு சின்ன டப்பா கட்டியிருப்பாங்க, அது அவங்க போன பாதையைத் திரையில கோடு கோடாக் காட்டும். அதைக் கொண்டாந்து காட்டுது. இவ கோடு நல்லா நேராப் போகுது, திடீர்னு ஒடிஞ்சு எங்கயோ பள்ளத்துக்குப் போகுது, அங்க நிக்குது, அப்பறம் ஆமை மாதிரி ரோட்டுக்குப் போகுது, மறுபடி திரும்பி வருது. அந்த மஞ்ச முடிக்காரப் புள்ளையும் கூட நிக்குது, சேத்துல ஒரு பெரியவரு விசில் ஊதிட்டு இருந்தாருன்னு சொல்லியிருக்குது. போட்டுக் குடுக்கறதுல வெள்ளக்காரியை அடிச்சுக்க முடியாது.

நடுவரம்மா இவகிட்ட நல்லபடியாத்தான் கேட்டுச்சு. "அடிபட்ட யாருக்காவது ஒதவி செய்யப் போனியா? போயிருந்தா சொல்லு, உன்னை ஃபைனல்ல சேத்துக்க எங்களுக்கு அதிகாரம் இருக்குது. யாரு அந்த ஆளு?" நேகி தமிழ் தெரியாத ஆளு, அவன் கையெடுத்துக் கும்புடறான் இவளை, போலோ பேட்டி, போலோ பேட்டின்னு, சொல்லு மகளே, சொல்லு மகளேன்னு அவன் பாசையில.

இவ என்னைப் பாத்தா. அந்தப் பார்வை எனக்குப் புடிக்கலீங்க. அப்பறம் பக்கத்துல நின்ன மத்த மூணு புள்ளைகளைப் பாத்தா. தரையைப் பாத்துட்டு, "யாருமில்ல மேடம். வழி தவறிட்டேன்"னா.

கேட்டீங்களா? அவ வாயால சொன்னது. நான் சொல்லல. நானும் ஒடனே, "ஆமா மேடம், வழி தவறிட்டா, எப்பவுமே இப்படித்தான்"னேன். ஒரு மேனேஜரு டீமை விட்டுக் குடுக்காமப் பேசணுமல்ல? அந்தம்மா என் காலையே பாத்துட்டு நின்னுச்சு. ஒரு காலுல ஷூவு, ஒரு காலுல அவ தலைத்துணி, முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு வயசான மனுசன் காலை இப்படியா பாப்பாங்க? மரியாதை தெரியாத சனம். பாத்துட்டு, யோகராணி தோளை ஒருக்காத் தொட்டுட்டுப் போயிருச்சு.

ரிலே ஓடினாங்க. நல்லாத்தான் ஓடினாங்க, நம்ம நாடு அதுக்கு முன்னாடி வராத எடத்துக்கு வந்துச்சு. ஊருக்கு வந்ததும் கோபியில எனக்குப் பாராட்டு விழா, பொன்னாடை எல்லாம் போட்டாங்க. மேடையில பேசறப்ப, எல்லாரும் சேந்து ஒழைச்சோம், ஒரு புள்ள மட்டும் வழி தவறலேன்னா மெடலே வந்திருக்கும்னு சொன்னேன். பேரு சொல்லலீங்க, அந்த நாகரிகம் எனக்கு இருக்குது. அவளுக்கு அந்தக் காட்டு இலாகா வேலை கெடைக்கல. இப்பவும் அதே பள்ளிக்கோடம், அதே தற்காலிகம். தன் தப்புக்குத் தான் அனுபவிக்கறா, நாம என்ன பண்றது?

ரிலே நல்லா வந்ததால இந்த வருசமும் மேனேஜரு நாந்தான்னு டில்லிச் சங்கத்துல சொல்லியிருந்தாங்க. ஆனா கேம்புக்குக் கூப்பிட்டா அவ வரல. அவ வரலேன்னதும் மத்த மூணும் வரலேங்குதுங்க. பொம்பளை டீமு இல்லேன்னா எனக்கும் எடம் இல்லேன்னு டில்லியில சொல்லிட்டாங்க. நேகி சொல்றான், நீங்க நேர்ல போய் அந்தப் புள்ளைகிட்டப் பேசுங்க மாஸ்டர்ஜி, என்ன பேசணும்னு உங்களுக்கே தெரியும்னு. எனக்கு என்ன தெரியும்? போன தப்பை மறந்துட்டேன், மன்னிச்சுட்டேன், கேம்புக்கு வான்னு சொல்லணும். வேறென்ன?

போன்ல சொன்னேன், வர்றேன்னு. "வாங்க சார், அம்மாவும் உங்களைப் பாக்கணும்ங்கறாங்க"ன்னா. போனை வெக்கறதுக்கு முன்னால சொல்றா, "சார், ஒண்ணே ஒண்ணு. அந்த விசிலை மட்டும் கொண்டு வராதீங்க."

கேட்டீங்களா திமிரை? ஒரு பி.டி. மாஸ்டரைப் பாத்து! தூங்கறப்பக் கேக்குதாம் அந்தச் சத்தம், எந்திரிச்சு உக்காந்துக்கறாளாம். இதெல்லாம் ஒரு காரணமா? நான் கொண்டாந்துட்டேன். கழுத்துல போடல, பாக்கெட்டுல வெச்சிருக்கேன். அவளுக்காக அந்த அளவுக்கு எறங்கி வந்துட்டேன், போதும்.

என்னங்க கண்டக்டரே? கரிசோலைப் பிரிவா? அதுக்குள்ள போயிருச்சா? எப்ப? கூப்பிட்டீங்களா? எனக்குக் கேக்கலியே. பேசிட்டு இருந்தா வந்து தோளைத் தட்டறதில்லையா? தம்பி, நீங்களாவது சொல்லியிருக்கலாமே, அந்த நீலப் புள்ளியை வெச்சுட்டு என்னத்தைப் பாத்துட்டு இருந்தீங்க? விசிலை அடிங்க கண்டக்டரே, இங்கயே எறங்கிக்கறேன்.

பனி இருந்தா இருக்கட்டுமுங்க. காட்டெருமை என்னங்க பண்ணும், அது பாட்டுக்கு மேயும். ரோட்டு மேலயே நடந்து கீழ போகச் சொல்றீங்களா? எதுக்குச் சுத்திட்டு? இப்படித் தேயிலைக்குள்ள குறுக்கால எறங்கினா நேரா லைன் வீடுதான். தெரியுமுங்க, எனக்குத் தெரியும். இக்கட்டாலதான? சரி, அக்கட்டாலன்னா அக்கட்டால. போனெல்லாம் நீட்டாதீங்க தம்பி, அதை உள்ள வைங்க. ஒருத்தன்கிட்ட வழி கேட்டுப் போற ஆளு இல்ல நானு.

நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. பாக்கெட்டுல விசில் இருக்குது. நிறுத்தாம ஊதினா, எங்க இருந்தாலும் அவ வந்துருவா.